வயர் குத்தினால்தான் எரியும்

கிற்றாருக்குச் சுருதி சேர்க்கும் பெடல் ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய இரும்புப் பெட்டி. அதன் வெள்ளைப் பூச்சு மூலைகளில் உரிந்துவிட்டது. உப்புக்காற்றில் திருகாணிகளும் துருப்பிடித்துவிட்டன. கிற்றாரிலிருந்து வரும் வயரை அதன் ஒரு பக்கத்தில் குத்தி, மறுபக்கத்திலிருந்து இன்னொரு வயரை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். காலால் ஒருமுறை அழுத்தினால் கிற்றாரின் சத்தம் வெளியே போகாது. அப்போது ஒரு கம்பியைத் தட்டினால் பெட்டியின் முகத்தில் சின்ன வெளிச்சம் ஒன்று ஓடும். இடப்பக்கம் சிவப்பாக நின்றால் கம்பி இறங்கியிருக்கிறது. வலப்பக்கம் போனால் ஏறியிருக்கிறது. நடுவில் பச்சை எரிந்தால் சரி. மறுபடி அழுத்தினால் சத்தம் திரும்பி வரும்.

அதை என் மனைவிக்காகத்தான் வாங்கினேன். வாசிப்பவன் நான், ஆனால் தேவைப்பட்டது அவளுக்கு. அது வீட்டுக்கு வந்த பிறகு அவள் என் வாசிப்புக்கு ஒரு பாட்டும் பாடவில்லை. தொண்டை கெட்டுப்போனதால் தனியாகப் பாடுவதை விட்டாள் என்றுதான் எங்களைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னது நான்தான். அது பொய்.

நான் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அவளுடைய வீடு அன்புவழிபுரத்தில். மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் பாடினாள், நான் கிற்றார் வாசித்தேன், அப்படித்தான் கல்யாணம் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் இல்லை. உள்துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்ச வருடங்களில் ஊரில் கல்யாண விருந்துகள் பெருகின. என் அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒரு தம்பி கீபோட் வாங்கினான். நான் மின்சாரக் கிற்றார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அவள் பாட, மூன்று பேருமாக விருந்துகளுக்குப் போகத் தொடங்கினோம்.

எங்கள் ஊரில் கிற்றார் வைத்திருப்பவனுக்குக் கடல் ஓர் எதிரி. காலையில் கட்டிய கம்பி பின்னேரம் இறங்கியிருக்கும். மண்டபத்துக்குள் சனத்தின் புழுக்கத்தில் இன்னும் இறங்கும். ஒவ்வொரு இரண்டு பாட்டுக்கும் ஒருமுறை நான் குனிந்து முறுக்கியைத் திருக வேண்டும். வெளியே ஜெனரேற்றர் இரையும், உள்ளே பிள்ளைகள் கத்தும், காதால் கேட்டுச் சேர்ப்பது பெரும் பாடு. கிற்றாரின் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுச் சேர்த்தால் எனக்கே கேட்காது, நிறுத்தாமல் சேர்த்தால் மண்டபம் முழுவதும் கேட்கும். டொங், டொயிங், டொங் என்று அந்தச் சத்தம் போய்க்கொண்டிருக்க, முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். ஆட்கள் பார்ப்பது என்னை அல்ல, அவளை. அவள் சிரித்தபடி சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள், மைக்கின் வயரைச் சரிசெய்வாள். பிறகு சரிசெய்ய ஒன்றும் இருக்காது.

"அண்ணை, மாப்பிள்ளைக்கு நரைக்கப் போகுது" என்பான் கீபோட் தம்பி, கீழ்க்குரலில்.

ஒருமுறை முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் உரத்துக் கேட்டார்: "தங்கச்சி, பின்னால நிக்கிறவர் என்ன, கிணத்துக் கப்பி பழுது பாக்கிறாரோ?"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நான் பாடுறதுக்குப் பயமில்லை. அந்தச் சும்மா நிக்கிறதுதான் ஏலாமக் கிடக்கு."

அதற்குக் கொஞ்ச நாளில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் வேலை குறைந்தது, சோதனை கூடியது. விருந்துகளும் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. மத்தியானத்தில் தொடங்கி, பொழுது சாய முதல் எல்லாரும் வீடு போய்ச் சேரும்படி வைத்தார்கள். உப்புவெளியில் கடற்கரையோர விருந்தினர் விடுதி ஒன்றில் அப்படி ஒரு கல்யாணத்துக்கு எங்களைக் கேட்டிருந்தார்கள். பெண், கோயில் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்னால் நின்று பாடிப் பழகியவள். அந்தக் கல்யாணத்துக்கென்று அவள் ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அதில் கீபோட் இல்லை. கிற்றாரின் இரண்டு வரிக்குப் பிறகு அவளுடைய குரல் தனியாக ஏறும். கிற்றார் கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் கெட்டுவிடும். அந்தப் பாட்டு நல்லபடி அமையவேண்டும் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சமைக்கும்போதும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கண்ணைக் காட்டுவதற்காக அந்த மாதம் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடி எழுதித் தந்தார்கள். அந்தக் கையோடு வாத்தியக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், கிற்றார் என்று வாயெடுத்த எவரையும் மாஸ்டர் என்றே அழைத்தார். முதலில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியை வைத்தார். கிற்றாருக்குக் கிட்ட வைத்தால் அது காது கொடுத்துக் கேட்டு முள்ளைக் காட்டும். கடைக்கு வெளியே லொறி ஒன்று இரைந்து போனது, முள் லொறிக்கும் ஆடியது. அடுத்தது, கிற்றாரின் தலையில் கவ்விப் பிடிப்பது. அது நடுக்கத்தைக் கொண்டே சுருதியை அறியுமாம், லொறிக்கு ஏமாறாது. எனக்குப் பிடித்துப்போனது. விலையும் குறைவு.

அவள் இடையில் புகுந்து கேட்டாள்: "இதைப் பூட்டினா, சேக்கிற நேரம் சத்தம் வெளிய கேக்காதோ?"

"கேக்கும்தானே, நோனா. இது சும்மா பாக்கிற சாமான். சத்தத்தை நிப்பாட்டுற சாமான் வேற."

"அப்ப அதைக் காட்டுங்கோ."

அப்போதுதான் பெடல்கள் வந்தன. இரண்டு வகை. ஒன்று பிளாஸ்ரிக், பாரம் இல்லை, முள் ஓடும் சின்னத் திரை. மற்றது இந்த இரும்புப் பெட்டி. நான் பிளாஸ்ரிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இரும்பைத் தூக்கி எடை பார்த்தாள்.

"இது கல்லு மாதிரிக் கிடக்கு. உங்கட காலுக்கு இதுதான் தாங்கும்" என்றாள். கடைக்காரர் பலமாகச் சிரித்தார். முள்ளை விட வெளிச்சம் இருட்டிலும் தெரியும், கரண்ட் போன மண்டபத்திலும் உதவும் என்று நானும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரர் சதுரப் பற்றரி ஒன்றை உள்ளே போட்டுவிட்டு என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். ஒன்றும் எரியவில்லை. "பார்த்தீங்களா மாஸ்டர், எல்லாரும் இதிலதான் பயப்படுறது. வயர் குத்தினாத்தான் எரியும். பற்றரி வீணாகாம இருக்கத்தான் அப்பிடி." கிற்றார் வயரைக் குத்தினார். பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஓடியது. வாசித்து முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் பற்றரி செத்துக் கிடக்கும் என்றும் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்ப முதல் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். பெடல் வந்த மட்டைப் பெட்டியில் கிற்றாரின் படம் பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைக் கடைப் பக்கத்திலேயே எறிந்துவிட்டேன். புதுச் சாமான் புதுப் பெட்டியோடு போனால் வழியில் ஆமியின் சோதனைச் சென்றியில் வியாபாரமோ என்று கேட்பார்கள், பிரித்துக் கொட்டுவார்கள் என்பது அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போன கணக்கு. எதையும் பழையதாக, உபயோகித்ததாகக் காட்டிக் கொண்டுபோவோம். இன்னொரு பழக்கமும் இருந்தது. பற்றரி, ரோச், றேடியோ என்று கேள்வி வரக்கூடிய எதையும் பெண்களின் பையில் வைப்போம். ஆண்களைத்தான் தனியே கூப்பிடுவார்கள், பெண்களை அவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்பது நினைப்பு. நான் பெடலை ஒரு துவாயில் சுற்றி அவளுடைய பையின் அடியில் வைத்தேன். கிற்றாரின் படம் இருந்த மட்டை மட்டும் கையில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. நான் மறைத்ததுதான் அதைச் சந்தேகத்துக்குரிய சாமானாக்கியது.

ஊருக்குக் கிட்ட, சீனன்குடாவுக்கு முன்னால் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பையைத் திறந்து காட்டி நடந்து போய், மறுபக்கம் வந்து நிற்கும் பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். நான் அடையாள அட்டையைக் காட்டிக் கடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், பெண்களின் வரிசை நின்றுபோயிருந்தது. துவாய் மேசையில் விரிந்து கிடந்தது. நடுவில் வெள்ளை இரும்புப் பெட்டி, மேலே காலால் மிதிக்கும் பலகை. அதைப் பார்த்த பெண் சிப்பாய் இரண்டு கைகளையும் பின்னால் எடுத்திருந்தாள். அந்த நிலையில் அது ஒரு மிதிவெடி போலத் தோன்றியிருக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது.

அதிகாரி ஒருவர் வந்தார். இளம் வயது, முரடர் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குச் சிங்களம் கொஞ்சம்தான். அவள் என்னைக் கை நீட்டிக் காட்டினாள். என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பெண் உன் மனைவியா என்று கேட்டார். ஆம் என்றேன். இது யாருடைய பொருள் என்று கேட்டார்.

அந்த வாரத்தில் எங்கள் வீதியைச் சேர்ந்த, பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஓர் ஆண் வீடு திரும்பியிருக்கவில்லை. அது என் மனதில் இருந்தது. ஆனால் அதை யோசித்துத்தான் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். யோசனைக்கு முதலே வாய் சொல்லிவிட்டது. அவளுடையது என்றேன், நல்ல சிங்களத்தில். அலுவலகத்தில் பல வருடம் பழகிய சிங்களம். அந்த ஒரு சொல் அவளுக்கும் விளங்கியது. விளங்கியதை அவள் முகத்தில் கண்டேன்.

பிறகு என் வாய் நிற்கவில்லை. வேறும் நிறையச் சொன்னேன். இது பாட்டுச் சாமான் என்றேன். அதிகாரி அவளை அதை அழுத்திக் காட்டச் சொன்னார். சிப்பாய்கள் எல்லாரும் தூரப் போனார்கள். என்னையும் தூரப் போகச் சொன்னார்கள், போனேன். அவள் மட்டும் மேசையடியில் நின்றாள். பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மெதுவாக அழுத்தினாள்.

ஒன்றும் எரியவில்லை.

அவள் அங்கிருந்து என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "வயர் குத்தினால்தான் எரியும் எண்டு சொல்லுங்கோ."

எங்களிடம் வயர் இல்லை, அது வீட்டில் கிற்றாரோடு இருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வயர் என்ற சொல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எதன் வயர் என்று கேட்டார்கள். கிற்றாரின் வயர் என்றேன். கிற்றார் யார் வாசிப்பது என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கேள்வி வரவில்லை. பெட்டியையும் அவளையும் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் வீதியோரம் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்றேன். கொட்டிலுக்குப் போய், அது என்னுடையது, கிற்றார் வாசிப்பவன் நான், அவளை விடுங்கள் என்று சொல்லலாம். நடக்க அதிக தூரம் இல்லை. அந்தத் தூரத்தை நான் நடக்கவில்லை. மத்தியானம் கடந்து, மரத்தின் நிழல் என்னை விட்டு விலகிப் போகும் வரைக்கும் நின்றேன்.

வெயில் தாழும்போது கொட்டிலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ எங்கிருந்தோ பொருத்தமான வயர் ஒன்றைக் கொண்டுவந்து குத்தியிருக்கிறார்கள், வெளிச்சம் ஓடியிருக்கிறது. அவள் வெளியே வந்தாள். பெண் சிப்பாய் அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் என்னிடம் வந்து பெட்டியை நீட்டினாள்.

"இந்தாங்கோ, உங்கட சாமான்."

அடுத்த பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். ஒன்றும் செய்தார்களோ என்று கேட்டேன். "இருக்கக் கதிரை தந்தவை. தண்ணி தந்தவை" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என் பங்கைப் பற்றியும் கதை வரும் என்பதால் கேட்கவில்லை.

கல்யாண நாள் காலையில் சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். பிறகு திரும்ப மடித்து அலுமாரியில் வைத்தாள். "தொண்டை சரியில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள். அவ்வளவு பழகிய பாட்டு. நான் அவளைக் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற உரிமை இல்லை என்று தோன்றியது. அதைக்கூட வசதியாக எடுத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

உப்புவெளியில் அன்றைக்குப் பெடலை முதன்முறை பாவித்தேன். அது தன் வேலையை அழகாகச் செய்தது. காலால் அழுத்தினேன், மண்டபத்துக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, வெளிச்சம் நடுவுக்கு வந்தது, திரும்ப அழுத்தினேன், முடிந்தது. ஒருவரும் பகிடி பண்ணவில்லை. கீபோட் தம்பி சொன்னான்: "அண்ணை, இண்டைக்குத்தான் உங்கட கிற்றார் ஒழுங்கா நிக்குது. அக்கா இல்லாமப் போனாவே!"

அதன் பிறகு நாங்கள் விருந்துகளுக்குப் போகவில்லை. அவள் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து பாடினாள். என் கிற்றாருக்கு மட்டும் பாடவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெண் அல்ல அவள். சோறு போட்டாள், பகிடி விட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தாள். அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. கிற்றாரை மடியில் வைத்தால் கை தானாக அவளுடைய சுருதிக்குப் போகும். இரண்டு வரி வாசித்துவிட்டு, குரல் வர வேண்டிய இடத்தில் நின்றுவிடுவேன்.

ஒருநாள் பின்னேரம் முன்அறையில் கம்பிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சேர்ப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஏறிய கம்பியை நடுவுக்கு இறக்கி விட்டுவிட மாட்டேன், அதற்கும் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நடுவில் நிறுத்துவேன். அப்போதுதான் கம்பி நிற்கும். அதிலேயே கவனமாக இருந்தவன், முடிந்ததும் பெடலைத் திரும்ப அழுத்த மறந்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். ஒலிபெருக்கியில் சத்தமில்லை. மின்சாரக் கிற்றாரின் வெறும் கம்பிச் சத்தம் நுளம்பு காதடியில் பாடுவது போல மெல்லியதாக இருக்கும். நான் வாசித்தது அந்தக் கல்யாணப் பாட்டு. இரண்டு வரி முடிந்தது. குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு, மிக மெல்ல, சொல் இல்லாமல், அவளுடைய குரல்.

அவசரப்பட்டுப் பெடலை அழுத்தினேன். கிற்றார் பெரிதாகக் கேட்டது. அவள் நிறுத்திவிட்டாள். தேங்காய் துருவும் சத்தம் தொடங்கியது.

அடுத்த நாள் வேண்டுமென்றே பெடலை அழுத்தியபடி வைத்து வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. அதிலிருந்து அதுதான் எங்கள் வழக்கமாயிற்று. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வாசித்திருக்கலாம், ஆனால் அது வாசிப்பதாகிவிடும். பெடலில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் நான் சுருதி சேர்க்கிறேன் என்று பொருள். சுருதி சேர்ப்பவனுக்கு ஒருவரும் பாட வேண்டியதில்லை. அவள் வேலை செய்துகொண்டு சும்மா முணுமுணுக்கிறாள், நான் கம்பி முறுக்குகிறேன். இரண்டு பேரும் அப்படியே நடித்தோம்.

சில வேளை குசினியிலிருந்து கேட்பாள்: "இன்னும் சுதி சேந்து முடியேல்லையோ?"

"இந்தக் கம்பி நிக்குதில்லை."

"நல்லாச் சேருங்கோ. அவசரமில்லை."

வெளியே சண்டை கூடிக்கொண்டு போனது. சில பின்னேரங்களில் துறைமுகப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டு ஜன்னல் அதிரும், இருவரும் நிறுத்துவோம், பிறகு தொடங்குவோம். சதுரப் பற்றரி வாங்கப் போனால் எங்கள் ஊர்க் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சுருதி சேர்க்க என்று சொன்னால் அவருக்கு விளங்காது. ஒரு தடவை பற்றரி கிடைக்காமல் பல நாள் பெடல் செத்துக் கிடந்தது. பற்றரி செத்தால் அதற்கூடாகச் சத்தம் போகாது, ஆகவே எங்களுக்கு அதனால் குறையில்லை. வெளிச்சம் இல்லாத பெடலில் காலை வைத்துக்கொண்டு வாசித்தேன். வெளிச்சம் எரியவில்லை என்பதை முன்அறைக்கு வந்து அவள் கண்டாள். திரும்பிப் போய் முணுமுணுத்தாள்.

சண்டை முடிந்தது. சில வருடங்கள் போயின. நான் ஓய்வு பெற்றேன். அவளுக்கு நெஞ்சில் நோய் வந்தது, மூச்சு எட்டாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் ஒருநாள் சீனன்குடாவைக் கடந்தோம். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் மறுபக்கம் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அவளை முன்அறையில் சாய்கதிரையில் இருத்திவிட்டு, நான் கிற்றாரை எடுத்தேன். பெடலை அழுத்தினேன்.

"அண்டைக்கு அந்த ஆமிக்காரரிட்ட என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

அத்தனை வருடத்தில் முதல் தடவை. என்னிடம் ஆயத்தமாக எவ்வளவோ வசனங்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, "உம்மட சாமான் எண்டு சொன்னனான்" என்றேன்.

"அது விளங்கினது. அதுக்குப் பிறகு பெரிசாக் கதைச்சீங்களே. அதுதான் விளங்கேல்லை."

நான் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. "இவ பாடுறவ, நல்ல பாட்டுக்காரி, இந்த ஊரில இவவைப் போலப் பாட ஆளில்லை எண்டு சொன்னனான்."

அவள் மூச்சை எடுத்துக்கொண்டாள்.

"அதை எனக்கு ஒருநாளும் தமிழில சொல்லேல்லையே."

உண்மைதான். கோயிலில் முதல் கேட்ட நாளிலிருந்து சொல்லியதில்லை. பாடி முடித்து வந்தால், இரண்டாம் சரணத்தில் மூச்சு முந்திவிட்டது என்று சொல்லுவேன். அப்படிச் சொல்லுவதுதான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். அவளைப் பற்றிய அந்த ஒரு நல்ல வார்த்தையை நான் சொன்னது, அவளுக்கு விளங்காத மொழியில், அவளைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில்.

"நான் செய்தது பிழை" என்றேன். "நான் வந்து சொல்லியிருக்க வேணும். பயந்திட்டன்."

"தெரியும்" என்றாள். "உங்கட கால் அந்த மரத்தடியை விட்டு அரக்குதோ எண்டு தகரத்து ஓட்டைக்குள்ளால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

நான் கிற்றாரைக் கீழே வைக்கப் போனேன்.

"வைக்காதேங்கோ. அந்தப் பெட்டியை அமத்தி விடுங்கோ. சத்தமாக் கேப்பம்."

அழுத்தினேன். சத்தம் வந்தது. கல்யாணப் பாட்டின் இரண்டு வரியை வாசித்தேன். குரல் ஏற வேண்டிய இடம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. கதிரையின் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், இதிலிருந்து நான் என்பது போல. "எனக்கு ஏலாது. நீங்கள் வாசியுங்கோ" என்றாள். கடைசி வரைக்கும் வாசித்தேன். அவளுடைய பகுதிக்கும் சேர்த்து வாசிக்கத் தெரியாமல், அவளுக்கான இடங்களை வெறுமையாக விட்டு விட்டு வாசித்தேன். அந்த இடங்களில் அவள் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "ரெண்டாங் கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். பெடலை அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் சிவப்பு நின்றது. அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப் போனது.

மாரி மழை தொடங்கும்போது அவள் போய்விட்டாள்.

நான் இன்றைக்கும் பின்னேரம் கிற்றாரை எடுக்கிறேன். வயரைக் குத்தி, பெடலை அழுத்தி, ஆறு கம்பிகளையும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்கிறேன். சேர்த்து முடிந்த பிறகும் காலை எடுக்காமல் கொஞ்சம் இருப்பேன். குசினிப் பக்கம் காது போய்விடும். குழாயில் தண்ணீர் சொட்டும். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவார்கள். பிறகு திரும்ப அழுத்துகிறேன். அதை அமத்தி வைத்திருக்க இனிக் காரணம் இல்லை. சத்தமாகவே வாசிக்கிறேன். அவளுடைய இடங்கள் வரும்போது நிறுத்துகிறேன்.